நாவல் தாவளமும் நடைவழித் தண்ணீரும்

காட்டுவழியில் பல நாள் நடக்கப் புறப்படுகிறவர் இரண்டு கேள்விகளுக்கு முதலில் விடை தேடியாக வேண்டும். அடுத்த தண்ணீர் எங்கே? இன்றிரவு உடம்பைக் கிடத்துவது எங்கே? உணவு, உடை, காலணி, வரைபடம் எல்லாம் இவற்றுக்குப் பின்னால் வருபவை. முதுகில் ஒரு பையும், இரண்டு மரங்களுக்கு இடையே கட்டிக்கொள்ள ஒரு தொங்கு படுக்கையுமாக மலையேறும் பழக்கம் நம்மிடையே அண்மையில் பரவியது. ஆகவே இத்தகைய பயணத்தைத் திட்டமிடும் கலையும் மேலைநாட்டிலிருந்து வந்ததென்றே பலரும் எண்ணுகிறார்கள். தொங்கு படுக்கை வெளியிலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் தண்ணீரையும் தங்குமிடத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டு வழிநடப்பதும், அந்தக் கணக்கைப் பின்னால் வருபவருக்காக விட்டுச்செல்வதும் நம் நாட்டில் மிகப் பழைய வழக்கங்கள். பண்டைத் தகடூர் நாட்டில், இன்றைய தருமபுரி மாவட்டத்தில், அதற்கான சான்றுகள் கல்லிலும் பாட்டிலும் எஞ்சியுள்ளன. மாரண்டஹள்ளியை நடுவில் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்ப்போம்.

மாரண்டஹள்ளி பாலக்கோடு வட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி. தெற்கே பாலக்கோடும் தருமபுரியும், வடக்கே ராயக்கோட்டை வழியாக ஓசூரும் மைசூர் மேட்டுநிலமும், மேற்கே மேலகிரிக் காடுகளும் அமைந்திருக்கின்றன. சமவெளியிலிருந்து மேட்டுநிலத்துக்கு ஏறுகிறவர்களின் வழியில் இருக்கும் ஊர் இது. ஊர்ப்பெயரே அதைச் சொல்லிவிடும். தமிழில் பள்ளி என்பது கன்னடத்தில் ஹள்ளி ஆகும். பழைய பகரம் அங்கே ஹகரமாக மாறியது. அருகிலுள்ள பஞ்சப்பள்ளி பகரத்தைக் காத்துக்கொண்டது, மாரண்டஹள்ளி மாற்றிக்கொண்டது. இரண்டு மொழிகள் எதிரெதிரே நடந்து வந்து சந்தித்துக்கொண்ட நிலம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இந்நிலத்தின் நீர்க்கணக்கு எளிதன்று. மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவுக்கே வரும். அதில் பெரும்பகுதி ஆவணி முதல் ஐப்பசி வரையிலான மாதங்களில் பெய்து தீர்ந்துவிடுகிறது. பஞ்சப்பள்ளியில் அணைகட்டித் தடுக்கப்பட்டிருக்கும் சின்னாறு, காடுகளின் ஊடே தெற்கு நோக்கி இறங்கி ஒகேனக்கல்லில் காவிரியோடு கலக்கிறது. மழைக்காலத்தில் அது ஆறு, கோடையில் மணல்பாதை. வரைபடத்தில் நீலக்கோட்டைக் கண்டு, அங்கே தண்ணீர் உண்டென நம்பிப் போகிறவர் பங்குனியில் ஏமாந்து நிற்பார். இந்நாட்டில் ஒரு நீர்நிலையின் பெயரை அறிந்தால் போதாது, அதன் மாதத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் நமக்கு ஔவையாரால் தெரியும். நெல்லிக்கனி கதையும் தெரியும். ஆனால் அவனைப் பற்றிக் கல்லில் கிடைத்திருக்கும் செய்தி வேறு. திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை என்னும் ஊரின் மலையில் 1981இல் ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பாளி என்பது அதன் பொருள். அசோகனின் கல்வெட்டுகளில் வரும் சதியபுத்திரர் யார் என்ற நீண்டகாலக் கேள்விக்கு அது விடை தந்தது என்பதால் ஆய்வாளர்கள் அதைக் கொண்டாடினார்கள். அது கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. நம் நோக்கில் கவனிக்க வேண்டியது கடைசிச் சொல். பாளி என்பது துறவிகள் தங்கும் குகை, படுக்கும் இடம். மாபெரும் போர்வீரன் என்று பாட்டுகள் போற்றும் ஒருவன், கல்லில் தன் பெயரைப் பொறிக்கச் செய்தது ஒரு வெற்றிக்காக அன்று. வழிநடந்து களைத்தவர்கள் படுத்துக்கொள்ள ஓரிடம் கொடுத்தமைக்காக.

அவன் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் 102ஆம் பாட்டாக அமைந்துள்ளது. உப்பு வணிகர்களான உமணர்கள் நெடுந்தொலைவு வண்டியோட்டிச் செல்பவர்கள். மாடுகள் பழகாதவை, சரக்கோ மிகுதி, முன்னால் மேடோ பள்ளமோ தெரியாது என்பதால் வண்டிக்கு அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிவைப்பது அவர்கள் வழக்கம். பொகுட்டெழினி அத்தகைய மாற்று அச்சு என்கிறார் ஔவையார். ஓர் இளவரசனைப் புகழ, பயண ஏற்பாட்டிலிருந்து ஓர் உவமையைப் புலவர் எடுக்கிறார் என்றால், கேட்டவர்களுக்கு அந்த ஏற்பாடு எவ்வளவு பழக்கமானதாக இருந்திருக்க வேண்டும்! முன்யோசனையே பயணத்தின் பாதி என்பதை இதற்குமேல் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

தகடூருக்குக் கிழக்கே அடுத்திருக்கும் செங்கத்தைத் தலைநகராகக் கொண்டவன் நன்னன். அவனைப் பற்றிய மலைபடுகடாம், 583 அடிகள் கொண்ட ஆற்றுப்படை நூல். இரணியமுட்டத்துப் பெருங்கௌசிகனார் பாடியது. இலக்கிய மாணவர்கள் அதை உவமைகளுக்காகவும் இசைக்கருவிகளின் பட்டியலுக்காகவும் படிப்பார்கள். அதை ஒரு மலைவழிக் கையேடாகவும் படிக்கலாம். நன்னனிடம் போய்த் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதாக அமைந்தது அந்நூல். எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், எங்கே பன்றிக்காக வைத்த பொறிகள் உண்டு, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கே பறந்து வரும், அப்போது எப்படி மரத்தின் பின்னால் ஒதுங்க வேண்டும் என்றெல்லாம் அவன் சொல்கிறான். பாசி படிந்து கால் வழுக்கும் நீர்க்கரைகளில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது என்று சொல்கிறான். இரவானால் சொந்த வீட்டுக்குள் புகுவதுபோல மலைக்குகைகளில் தங்கிக்கொள்ளச் சொல்கிறான்.

அந்நூலில் இரண்டு இடங்கள் நம்மை நிறுத்துபவை. வழிகள் பிரியும் இடங்களில், அவை எந்தெந்த நாட்டுக்குப் போகின்றன என்று புதியவர்கள் அறிந்துகொள்வதற்காகப் பெயர்கள் எழுதிவைக்கப்பட்டிருந்தன என்று ஓரிடத்தில் வருகிறது. கைகாட்டி மரத்தைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய செய்திகளில் ஒன்று இது. அதற்குச் சற்று முன்னால் இன்னோர் அறிவுரை. நீங்கள் இந்நிலத்துக்குப் புதியவர்கள். வழி பிரியும் சந்தியைத் துடைத்துத் துலக்கி, போன வழியில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான். எழுத்து, படித்தவர் படிப்பது. புல்முடிச்சு, யாரும் படிப்பது. வழி கேட்டுவந்தவன் அந்தக் கணமே வழி சொல்பவனாகவும் ஆகிவிடுகிறான். இந்த ஒரு குறிப்புக்காகவே மலைபடுகடாத்தை நடைப்பயணிகள் ஒவ்வொருவரும் படிக்கலாம் என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்த எண்ணம் பாட்டோடு நின்றுவிடவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் அதே தகடூர் நாட்டில் அது கல்லில் வெளிப்படுகிறது. தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த, பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தொலைவுக்கல் ஒன்று, அது நிற்கும் வழியை அதியமான் பெருவழி என்று அழைக்கிறது. நாவல் தாவளம் என்னும் இடத்துக்கு அங்கிருந்து 29 காதம் என்று அறிவிக்கிறது. எண் எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதோடு, குழிகளாகவும் வெட்டப்பட்டுள்ளது. பெரிய குழி ஒன்று பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். இரண்டு பெரிய குழி, ஒன்பது சிறிய குழி. எழுத்தறியாத மாட்டுக்காரன் விரலால் தடவியே தொலைவை அறியலாம். இருட்டிலும் அறியலாம். கல்லை நிறுத்தியவர்கள், அவ்வழியே நடப்பவர்கள் யார் என்பதை அறிந்திருந்தார்கள்.

மேலும் ஒன்று. கல் காட்டுவது ஓர் அரசனின் கோநகரை அன்று, ஒரு தாவளத்தை. தாவளம் என்றால் தங்குமிடம். இடைக்கால வணிகக் கல்வெட்டுகளில் அச்சொல், வணிகக் கூட்டங்கள் வந்திறங்கிச் சரக்கு மாற்றிக்கொள்ளும் இடத்தைக் குறிக்கிறது. இலங்கையில் பொதிமாடுகளின் கூட்டத்தைச் சிங்களத்தில் தவளம என்பார்கள்; கண்டி மலைநாட்டுக்கு உப்பும் கருவாடும் ஏறியதும், பாக்கும் மிளகும் இறங்கியதும் அந்த மாடுகளின் முதுகில்தான். தங்குமிடத்தையும் தங்குகிற கூட்டத்தையும் ஒரே சொல்லின் நிழலில் காண்கிறோம். நாவல் தாவளம் என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள். ஒரு நாவல் மரம், ஒரு தங்குமிடம். நாவல் நீரோட்டம் உள்ள கரைகளில் செழிக்கும் மரம். அடர்ந்த நிழல் தருவது. ஆனி, ஆடியில் பழம் உதிர்ப்பது. மரம், நிழல், நீர் மூன்றும் சேர்ந்த இடத்துக்கே அப்பெயர் வந்திருக்கும் என்பது என் வாசிப்பு. இன்று தொங்கு படுக்கையோடு புறப்படுகிறவர் தேடுவதும் இவற்றையே.

இவ்வழிகளில் சரக்குப் போக்குவரத்தைப் பின்னாளில் பெருமளவில் நடத்தியவர்கள் லம்பாடிகள். ஆங்கிலேயர் ஆவணங்களில் பிரிஞ்சாரிகள் என்று வருபவர்கள். ஆயிரக்கணக்கான பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றிக் குடும்பத்தோடு நடந்தவர்கள். இரவில் தங்குமிடத்தில் பொதிமூட்டைகளைச் சுற்றிலும் அடுக்கி அரணாக்கிக்கொள்வார்கள். அவர்களின் குடியிருப்புக்குத் தாண்டா என்று பெயர். ஒரு மாட்டுக்கூட்டத்துக்கு மனிதனைவிடப் பன்மடங்கு தண்ணீர் வேண்டும். மேய்ச்சலும் வேண்டும். ஆகவே எந்த மாதத்தில் எந்த ஏரி வற்றும், எந்தப் புல்வெளி எப்போது கருகும் என்ற அறிவு இல்லாமல் அத்தொழிலை ஒரு பருவம்கூட நடத்தியிருக்க முடியாது. அந்த அறிவு ஏட்டில் இல்லை. நடப்பவர்களின் நினைவில் இருந்தது.

அந்த அறிவைப் புறக்கணித்தால் பேரரசின் படையும் தோற்கும் என்பதற்கு இப்பகுதியின் வரலாறே சான்று. 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்த காரன்வாலிஸ் பிரபு, மே மாதம் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே போய்ச் சேர்ந்தார். போர்க்களத்தில் அவர் தோற்கவில்லை. ஆனால் தீவனமின்றியும் நோயாலும் இழுவை மாடுகள் கூட்டம் கூட்டமாக மாண்டன. உணவும் தீர்ந்தது. முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. திரும்பியதும் அவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, ஜூலையில் ஓசூரையும் ராயக்கோட்டையையும் கைப்பற்றியது. காரணம் வெளிப்படை. கிழக்கே கர்நாடகச் சமவெளியிலிருந்து, அன்று பாராமகால் எனப்பட்ட இந்நிலத்தின் வழியாகத் தானியமும் மாடுகளும் மேலேறும் பாதை அவருக்குத் தேவைப்பட்டது. 1792 மார்ச் உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடு அதன் ஆட்சியராகவும், பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ அவருடைய உதவியாளர்களில் ஒருவராகத் தருமபுரியிலும் பணியாற்றினார்கள். 1799இல் ஹாரிஸின் படை மைசூருக்குள் நுழைந்ததும் ராயக்கோட்டைப் பக்கமாகத்தான். மாரண்டஹள்ளியிலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும் அந்தக் கணவாய்வழிகளின் அருமையை அன்றைய தளபதிகள் மாடுகளைப் பலிகொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, அந்தக் கால வழிகள் எல்லாருக்கும் நிழலும் நீரும் தந்த பொற்கால வழிகள் என்று நினைத்துவிட வேண்டாம். சத்திரங்கள் இருந்தன, தண்ணீர்ப்பந்தல்கள் இருந்தன, தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கற்கள் இருந்தன. அறம் செய்தவர்களின் பெயர்களும் அவற்றில் இருந்தன. ஆனால் அந்தக் கிணற்றில் யார் இறங்கி நீர் மொள்ளலாம், அந்தச் சத்திரத்துத் திண்ணையில் யார் படுக்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. தொலைவைக் காட்டும் குழிகளை யாரும் தடவிப் பார்க்கலாம். தொலைவைக் கடந்து சேர்ந்த இடத்தில் தண்ணீர் எல்லாருக்கும் இல்லை. ஒடுக்கப்பட்ட மக்களில் ஒருவர் நெடுவழி நடக்க நேர்ந்தால், அவர் போட வேண்டிய நீர்க்கணக்கு மற்றவர் கணக்கைவிடக் கொடியது. கண்ணுக்கு எதிரே கிணறு இருக்கும். அவர் கணக்கில் அது இல்லாத கிணறு.

இந்நிலையைச் சட்டத்தால் மாற்ற முயன்றவர்களில் முன்னோடி இரட்டைமலை சீனிவாசன். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், பொது இடம் எதிலும் எவரையும் தடுக்கலாகாது என்று வலியுறுத்தியது. அரசு அதை ஆணையாகவும் வெளியிட்டது. 1938இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் இவ்வாறு தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கும் சட்டமும் வந்தது. நடைப்பயணத்தின் வரலாற்றில் இவற்றைச் சேர்ப்பவர்கள் குறைவு. ஆனால் வழியில் தண்ணீர் குடிக்கும் உரிமையைப் பேசாமல் வழியின் வரலாற்றை எழுத முடியாது. அதியமான் பெருவழிக் கல் தொடங்கிவைத்த வேலையின் மறுபாதி 1924இல்தான் ஏட்டளவிலாவது தொடங்கியது.

அதற்குள் இந்நிலத்தின் வழிகளும் மாறிவிட்டிருந்தன. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஒரு குறுகிய ரயில்பாதை வந்தது. 1913இல் அது மாரண்டஹள்ளி வழியாக ஓசூர் வரை நீண்டது. பஞ்சகாலங்களில் தானியம் கொண்டுசேர்க்கப் போடப்பட்ட இருப்புப்பாதைகளில் ஒன்று அது. நீராவி எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டும். ஆகவே இரும்பு மாட்டுக்கும் தாவளங்கள் வேண்டியிருந்தன என்று சொல்லலாம். இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல், அப்பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே இன்று ஓடும் அகல ரயில்பாதையில் மாரண்டஹள்ளி மறுபடியும் ஒரு நிலையமாக இருக்கிறது. பொதிமாடுகளின் வழியோ ஊர்ப்பெயர்களிலும் புளியமரங்களிலும் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மேற்கே காடுகளில் நடை நீடித்தது. பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் (1910-1974) ஜவளகிரி, முத்தூர், சின்னாற்றுக் கரை என இக்காடுகளையே தம் நூல்களின் களமாக்கினார். அவருடைய முதல் நூல் 1954இல் வெளிவந்தது. துப்பாக்கிக் கதைகளாக அவற்றைப் படித்தவர்கள் மறுபடியும் ஒருமுறை தண்ணீருக்காகப் படித்துப் பார்க்கலாம். எந்த ஓடையில் எந்த மாதத்தில் நீர் நிற்கும் என்பதை அவருக்குச் சொல்பவர்கள் பெரும்பாலும் பழங்குடி மக்களும் மேய்ப்பர்களுமே. இரவில் மரத்தின்மேல் அமர அவர் கயிற்றுக்கட்டிலைக் கிளைகளில் கட்டிப் பரணாக்கிக்கொண்டார். தினைப்புனம் காத்த குறமகளின் பரணும் இதே வகைதான். யானை உலவும் காட்டில் நம்மவர் கண்ட விடை, உயரத்தில் உறங்குவது.

இரண்டு மரங்களுக்கிடையே தாழத் தொங்கும் படுக்கை அமெரிக்கக் கண்டத்து மக்களின் கண்டுபிடிப்பு. கொலம்பஸ் 1492இல் கரீபியத் தீவுகளில் அதைக் கண்டார். ஹம்மாக் என்ற சொல்லும் அம்மக்களின் மொழியிலிருந்து வந்ததே. ஐரோப்பிய மாலுமிகள் அதைக் கப்பல்களுக்குக் கொண்டுபோனார்கள். மலையாளக் கரையில் ஒரு கழியில் துணிப்படுக்கையைத் தொங்கவிட்டு ஆளைச் சுமந்து செல்லும் மஞ்சல் என்னும் ஊர்தி வழங்கிவந்தது. நம் ஊர்களில் பெரியவர்களுக்கு இவ்வகைப் படுக்கை இல்லாவிட்டாலும் குழந்தைகளுக்கு இருந்தது. களையெடுக்கப் போகும் தாய், வரப்போரத்து வேப்பங்கிளையில் பழம்புடவையால் தூளி கட்டிப் பிள்ளையைக் கிடத்துவாள். எறும்பு, தேள், பாம்பு எட்டாத உயரம், காற்றோட்டம், நிழல். தொங்கு படுக்கையின் தத்துவம் முழுவதும் அந்தத் தூளிக்குள் அடங்கிவிடும்.

சரி, இன்று இப்பகுதியில் நடக்க விரும்புகிறவர் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது என்ன? முதலாவது, அனுமதி. மேற்குக் காடுகளின் பெரும்பகுதி 2014இல் காவிரி வடக்கு வனவுயிர் சரணாலயமாகவும், தெற்கே காவிரிக்கரைக் காடுகள் 2022இல் காவிரி தெற்கு வனவுயிர் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டன. அனுமதியின்றி அங்கே நுழைவது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் உயிரிழந்த பிறகு மாநில அரசு மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. 2024இல் தமிழகம் முழுவதும் நாற்பது தடங்களை வனத்துறையே வழிகாட்டிகளோடு திறந்துவிட்டது. காட்டுக்குள் நினைத்த இடத்தில் படுக்கை கட்டும் காலம் முடிந்துவிட்டது. அதில் வருந்த ஒன்றுமில்லை. தோப்புகளும், உரியவரின் இசைவு பெற்ற பட்டா நிலங்களும், கோயில் மரத்தடிகளும் இருக்கின்றன.

அடுத்தது கணக்கு. குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளுக்கு ஐந்து லிட்டர் என்று கொண்டால் இரண்டு நாளுக்குப் பத்துக் கிலோ எடை. பிற சாமான்களோடு அதையும் தூக்கிக்கொண்டு மேடேற முடியாது. ஆகவே நாள்நடையைக் கிலோமீட்டரில் பிரிக்காமல், நம்பகமான இரண்டு நீர்நிலைகளுக்கு இடையிலான இடைவெளியாகப் பிரிக்க வேண்டும். வரைபடத்தில் கண்ட ஒவ்வொரு நீர்நிலையையும் அந்த மாதத்தில் அங்கே ஆடு மேய்ப்பவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒரு நீர்நிலை பொய்த்தால் அடுத்ததற்குப் போய்ச்சேரும் அளவு தண்ணீர் எப்போதும் பையில் இருக்கட்டும். அது உங்கள் மாற்று அச்சு. வறண்ட ஆற்றில் வெளிவளைவின் மணலைத் தோண்டினால் ஊற்று சுரப்பதுண்டு. முதலில் ஊறும் கலங்கலை இறைத்துவிட்டுத் தெளியவிட வேண்டும். நீர்மருது வரிசையாக நிற்கும் கரை, நிலத்தடியில் ஈரம் இருப்பதற்கு அடையாளம்.

மூன்றாவது, இடம். நான்கைந்து மீட்டர் இடைவெளியில் உயிருள்ள, தொடைப்பருமனுக்குக் குறையாத இரண்டு மரங்கள். பட்டை அறுபடாமல் இருக்க அகலமான நாடா. மேலே காய்ந்த கிளை இருக்கலாகாது. வறண்ட ஆற்றுப்படுகையில் கட்டலாகாது. மேட்டில் பெய்த மழை நள்ளிரவில் வந்து சேரும். நீர்நிலையின் ஓரத்திலும் கட்டலாகாது. இது மிக முக்கியமானது. கோடையில் ஒரு குட்டைதான் மிஞ்சியிருக்கும் என்றால், அந்தியில் அங்கே வர வேண்டிய யானையும் கடமையும் நம் விளக்கைக் கண்டு தாகத்தோடு திரும்பிப் போகும், அல்லது திரும்பாமல் நம்மீது வரும். நீரை எடுத்துக்கொண்டு விலகிப் போய்த் தங்குவதே முறை. மேட்டுநிலத்தில் மார்கழி, தை இரவுகள் குளிர்ந்தவை. தொங்கு படுக்கையில் குளிர் கீழிருந்து ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான்காவது, தண்ணீரின் குணம். ஓடை நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுந்துள்ளது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கொதிக்கவைத்தால் புளோரைடு போகாது. நீர் சுண்டுவதால் அடர்த்தி கூடவே செய்யும். இரண்டு நாள் நடந்து போகிறவருக்கு அதனால் பெருங்கேடு இல்லை. அதே ஆழ்துளைக் கிணற்றை வாழ்நாள் முழுவதும் குடித்தவர்களின் பற்கள் கறைபட்டன, எலும்புகள் வளைந்தன. ஜப்பானிய நிதியுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் குழாய்வழியே இவ்விரு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தது இதனால்தான். வழிப்போக்கருக்கு ஒரு கிராமத்தார் தம் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றும்போது, அது எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வளவு காலம் காத்திருந்து வந்த தண்ணீர் என்பது நினைவில் இருப்பது நல்லது.

பழைய வழிகளையும் இன்றைய பயணத் திட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஒரு வேறுபாடு தெரிகிறது. நம் திட்டங்கள் நம்மோடு தொடங்கி நம்மோடு முடிபவை. எங்கே தண்ணீர் கிடைத்தது என்பதைவிட எங்கே படம் எடுத்தோம் என்பதே பிறருக்குச் சொல்லப்படுகிறது. உமணரும் கூத்தரும் பொதிமாட்டுக்காரரும் போன வழிகள் நிலைத்தமைக்குக் காரணம், ஒருவர் கண்டறிந்தது அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்தது. பஞ்சப்பள்ளிக்கு மேலே எந்தச் சுனை சித்திரையிலும் வற்றாது, எது மாசியோடு முடியும், எந்தக் கிணற்று நீர் உவர்ப்பு என்பதை இன்றும் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் முதியவர்கள், மேய்ச்சல் குறையக் குறைய அவர்களும் குறைகிறார்கள். நடந்து திரும்பும் ஒவ்வொருவரும் அவர்களிடம் கேட்டறிந்ததை மாதத்தோடு குறித்துவைத்து அடுத்தவருக்குக் கொடுத்தால், அது சந்தியைத் துலக்கிப் புல்லை முடிந்துவைப்பதற்கு ஒப்பாகும். நாவல் தாவளத்துக்குத் தொலைவு சொன்ன கல்லை வெட்டியவரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் வெட்டிய குழிகளை இன்றும் விரலால் எண்ணலாம்.